பனிக்கால விடுமுறையில் வீட்டில் தீக்காயமின்றி இருக்க

கார்த்திகை தீபத்தில் தொடங்கி மாட்டுப் பொங்கல் முடியும் வரையுள்ள நாட்களில்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து வீடுகளில் நெருப்பின் புழக்கம் மிகுதி. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கும் தேன்கனிக்கோட்டை, தளி பகுதிகளிலும் பொழுது சாய்ந்ததுமே குளிர் இறங்கிவிடும். குளிக்க வெந்நீர், வாசலில் குளிர்காயும் தீ, மாட்டுக்கொட்டகையில் புகைமூட்டம், பலகாரத்துக்குக் கொதிக்கும் எண்ணெய் என்று ஒரே வீட்டில் நான்கைந்து இடங்களில் அனல் இருக்கும். அதே நாட்களில் அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி விடுமுறை தொடங்கும், பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் பிள்ளைகளோடு ஊருக்கு வருவார்கள், வீடு நிறைந்திருக்கும்.

வீடு நிறைந்திருப்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஆட்கள் குறைவாக இருக்கும்போது அடுப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். பத்துப் பேர் இருக்கும் வீட்டிலோ, மூட்டியவர் மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று நகர்ந்துவிடுவார். மற்றவர்கள் மூட்டியவர் பார்ப்பார் என்று பேச்சில் இருப்பார்கள். ஆகவே கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் முதல் விதி ஒன்று உண்டு: வீட்டில் எரியும் ஒவ்வொரு நெருப்புக்கும் ஒரு பெரியவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டும். அவர் எழுந்து போக வேண்டியிருந்தால் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்க ஆளில்லையென்றால் அணைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையைப் "பார்த்துக்கொள்" என்று உட்கார வைப்பது ஒப்படைப்பதாகாது.

உறவினர் வருவதற்கு முன்

சமையல் எரிவாயுவிலிருந்து தொடங்குவது நல்லது. கிராமத்து வீடுகள் பலவற்றில் விறகடுப்பும் எரிவாயு அடுப்பும் ஒரே சமையலறையில், சில சமயம் இரண்டும் தரையிலேயே, பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சிலிண்டரிலுள்ள வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பிக் கலையாமல் தரையோடு தரையாகப் பரவி, விறகடுப்பிலுள்ள கங்கைத் தேடிப் போய்ச் சேரும். எனவே எரிவாயு அடுப்பைச் சிலிண்டரைவிட உயரமான மேடையிலோ உறுதியான மேசையிலோ வைத்து, சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்தி, விறகடுப்பை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். மாற்ற இடமே இல்லையென்றால், இரண்டையும் ஒரே நேரத்தில் எரிய விடக் கூடாது. ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதற்கு முன்பே வெடிப்போ எலி கடித்த தடமோ தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். குழாயிலும் ரெகுலேட்டரிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தால் கசியுமிடத்தில் குமிழி எழும். தீக்குச்சி கிழித்துச் சோதிக்கும் பழக்கம் இருந்தால் அதை உடனே விட்டுவிட வேண்டும். சிலிண்டரின் மேல்வளையத்துத் தகட்டில் எழுத்தும் எண்ணுமாக அடுத்த சோதனைக் காலம் எழுதப்பட்டிருக்கும்: ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர்; எண் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலம் கடந்துவிட்ட சிலிண்டரை வாங்காமல் திருப்பி அனுப்பலாம்.

குளிர் அதிகமான விடியற்காலைகளில், சிலிண்டர் தீரும் தறுவாயில் இருக்கும்போது, சுடர் சுருங்கும். அப்போது சிலிண்டரை வெந்நீர் அண்டாவில் நிறுத்துவதும், அதன்மேல் கொதிநீர் ஊற்றுவதும், படுக்கவைத்து உருட்டுவதும் சில வீடுகளில் நடக்கின்றன. மூன்றுமே உயிருக்கு உலை வைக்கும் செயல்கள். ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட்டு அடுத்த சிலிண்டரை மாற்றுவதே முறை.

வீட்டில் மின்சுற்றுப் பாதுகாப்புக் கருவியான ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் வகை வீடுகளுக்கு ஏற்றது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவி வேலை செய்யவில்லை என்று பொருள். பனிக்காலச் செலவுகளில் எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடுத்துச் சொல்லப்போகும் வாளி ஹீட்டர் இருக்கும் வீடுகளுக்கு இது இன்றியமையாதது.

வெந்நீர்

வாளியில் தொங்கவிடும் ஹீட்டர் கம்பி மலிவானது, எளிதாகக் கிடைப்பது, அதனாலேயே பரவலானது. அது 1,500 வாட் திறன் கொண்டதாக இருந்தால் ஏறக்குறைய ஆறரை ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். ஃபேனுக்கும் விளக்குக்குமான சின்ன பிளக்கில் அதைச் செருகினால் ஒயர் சூடேறி உருகும். பெரிய பிளக்கில், மூன்று முனையும் பொருந்த, எர்த் சரியாக உள்ள இடத்தில் மட்டுமே செருக வேண்டும். கம்பியை வாளியில் வைத்து, குறியிட்ட அளவுக்கு நீர் ஊற்றிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே நீரைத் தொட வேண்டும். சூடேறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பவர்கள் பலர் மின்சாரம் பாய்ந்து இறந்திருக்கிறார்கள். உலோக வாளியில் ஆபத்து இன்னும் அதிகம்; மெல்லிய பிளாஸ்டிக் வாளியோ கம்பி பட்டு உருகிவிடும். குளியலறைக்கு உள்ளே, பிள்ளைகள் நடமாடும் நடையில், கொடியில் துணி தொங்கும் இடத்தில் இதை வைக்கவே கூடாது. கதவைத் தாழிடக்கூடிய ஓர் இடத்தில் வைத்து, பொறுப்பானவர் அருகிலேயே நிற்க வேண்டும்.

விறகடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சுபவர்களுக்கு மின்சாரக் கவலை இல்லை. ஆனால் கொதிநீரைச் சுமந்துகொண்டு போகும் வழி இருக்கிறது. வெந்நீர்க் காயங்கள் பல அந்த வழியில்தான் நேர்கின்றன. அடுப்பங்கரையிலிருந்து குளியலறைக்கு ஒருவர் ஆவி பறக்கும் வாளியோடு வரும்போது, பின்கட்டில் ஓடி விளையாடும் குழந்தை காலில் மோதினால் எல்லாம் முடிந்துவிடும். காலியாக உள்ள குளியல் வாளியில் முதலில் பாதியளவு பச்சைத் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு, பிறகு சொம்பு சொம்பாக வெந்நீரை மொண்டு கொண்டுவந்து கலப்பதே நல்ல முறை. நேரம் கூடுதலாகும், ஆனால் ஒரு சொம்பு சிந்துவதற்கும் ஒரு வாளி கவிழ்வதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீர் பெரியவர் தோலையே ஐந்தாறு நொடிகளில் ஆழமாகப் புண்ணாக்கும். குழந்தையின் மெல்லிய தோலுக்கு அத்தனை நேரம்கூடத் தேவையில்லை. சுவரில் மாட்டிய கீசரை 50 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம். குழந்தையைக் குளிப்பாட்டும் முன் முழங்கையை நீரில் வைத்துப் பார்க்க வேண்டும். பனியில் மரத்துப்போன உள்ளங்கைக்குச் சூடு சரியாகத் தெரியாது.

நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உணர்ச்சி குறைந்த பாதங்களை வெந்நீரில் வைத்திருப்பதும், வெந்நீர்ப் பையைக் காலுக்கடியில் வைத்து உறங்குவதும் அவர்களுக்கு ஆறாத புண்ணை உண்டாக்கும். சூட்டைப் பார்க்க வேண்டியவர் அவர் அல்லர், வீட்டிலுள்ள இன்னொருவர்.

மூடிய அறையும் கரியடுப்பும்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஆபத்துக்குப் புகையும் இல்லை, மணமும் இல்லை. கரி கனன்று எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிப்படுகிறது. ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், மூச்சு இழுத்தாலும் உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், தூக்கக் கிறக்கம் என்று தொடங்கும். உறங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. புகை இல்லையே, தணல்தானே என்று எண்ணிப் படுக்கையறைக்குள் கும்முட்டியையோ இரும்புச் சட்டியில் அள்ளிய கங்கையோ வைத்து, குளிர் புகாமல் சன்னலை அடைத்துக்கொண்டு படுப்பவர்கள் விடியும்போது எழுவதில்லை. பச்சைக் குழந்தை பெற்ற தாய்க்குக் கதகதப்பு வேண்டும் என்று பாசத்தோடு செய்யப்படுவதாலேயே இதை யாரும் தடுப்பதில்லை. அன்னைக்கும் குழந்தைக்கும் கம்பளியும், குல்லாயும், காலுறையும், தாயின் உடம்போடு குழந்தையை அணைத்து வைத்திருப்பதும் போதும். எந்தக் கனலும் படுக்கும் அறைக்குள் வரக் கூடாது.

பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. புழு மனையில் வெப்பம் 24 முதல் 28 டிகிரி வரை இருக்க வேண்டும் என்பதால், மார்கழி, தை மாதங்களில் கரியடுப்பு வைப்பது வழக்கம். புழு நான்காம், ஐந்தாம் பருவத்தில் இருக்கும்போது இரவெல்லாம் தழை போட வேண்டியிருப்பதால் சிலர் மனைக்குள்ளேயே படுத்துவிடுகிறார்கள். கரியை வெளியிலேயே நன்றாகப் பற்றவைத்து உள்ளே கொண்டுவந்தாலும் நச்சுவாயு நின்றுவிடாது. மனையின் மேல்காற்றுத் துவாரங்கள் திறந்திருக்க வேண்டும், அடுப்பு உள்ளே இருக்கும் வரை யாரும் அங்கே உறங்கக் கூடாது, காய்ந்த மல்பெரித் தழையும், புழு கூடு கட்டும் தட்டுகளான சந்திரிகைகளும் அடுப்பிலிருந்து தள்ளியிருக்க வேண்டும்.

ஓசூர்ப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் எரிவாயு கீசர் இதே வேலையைச் செய்யும். சன்னலில்லாத குளியலறைக்குள் அதைப் பொருத்தக் கூடாது. வெளிச்சுவரில் அல்லது காற்றோட்டமுள்ள பால்கனியில் பொருத்திக் குழாய் மூலம் நீரை உள்ளே கொண்டுவர வேண்டும். குளிக்கப் போனவர் அழைத்தும் பதில் தராவிட்டால் தயங்காமல் கதவைத் திறந்து, சன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும்.

ஈர விறகும் போரும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த உடனே பனிக்காலம் வருவதால் விறகு ஈரமாகவே இருக்கும். ஊதி ஊதிச் சலித்தவர் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றுவார். ஊற்றும் தாரை வழியாகவே தீ பாட்டிலுக்கு ஏறி, கையிலேயே வெடித்துச் சிதறும். முகமும் மார்பும் கருகிய இளைஞர்களுக்கு இதுவே காரணமாகிறது. மழைக்கு முன்பே தேங்காய் மட்டை, தென்னம்பாளை, சோளத்தட்டின் அடிக்கட்டை ஆகியவற்றைக் கொட்டகையின் ஒரு மூலையில் உலர வைத்துவிட்டால் இந்தத் தேவையே எழாது. மண்ணெண்ணெயைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதும் வேண்டாம். விடுமுறைக்கு வந்த பட்டணத்துப் பிள்ளைக்கு அது தண்ணீரா வேறொன்றா என்று தெரியாது. குடித்துவிட்டால் வாந்தியெடுக்க வைக்கக் கூடாது, அது நுரையீரலுக்குள் போகும். அப்படியே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

ராகி அறுவடை முடிந்து தாள் போராக நிற்கும் காலமும் இதுதான். போர், கூரைக் கொட்டகை, வைக்கோல் இவற்றை நோக்கிக் காற்று வீசும் பக்கத்தில் குளிர்காயும் தீ மூட்டக் கூடாது. மாட்டுக்குக் கொசு அண்டாமல் போடும் மூட்டத்தை உடைந்த பானைக்குள் போட்டு, மாடு உதைத்துக் கவிழ்க்காத இடத்தில் வைக்க வேண்டும். படுக்கப் போகும் முன் அணைத்த சாம்பலைக் கிளறி நீர் தெளித்துப் பார்க்க வேண்டும்; மேலே சாம்பல் பூத்திருந்தாலும் அடியில் தணல் விடியும் வரை உயிரோடு இருக்கும்.

அடுப்பங்கரை

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஓர் ஆபத்து நம் ராகிக்களியில் இருக்கிறது. கொதிக்கும் பானையை இறக்கித் தரையில் வைத்து, கவைக்கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் கிண்டும் அந்தச் சில நிமிடங்களில் பானை குழந்தையின் உயரத்தில் இருக்கிறது. கிண்டுபவரின் இரண்டு கைகளும் வேலையில் இருக்கின்றன. வெந்நீர் தோலின்மேல் வழிந்தோடிவிடும். களியோ ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். கிண்டத் தொடங்கும் முன்பே பிள்ளைகளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட வேண்டும்.

பலகாரம் சுடும் நாட்களில் எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஊற்றினால் நீர் ஆவியாகி எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசும். அடுப்பை அணைத்து, சட்டியைவிடப் பெரிய தட்டால் மூடி, ஆறும் வரை திறக்காமல் விட வேண்டும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடக் கூடாது. எண்ணெய் புகையத் தொடங்கும்போதே தணலைக் குறைப்பவருக்கு இந்த நிலை வராது. அடுப்பருகே நிற்கும்போது நைலான் புடவையும் செயற்கை நூல் ஸ்வெட்டரும் வேண்டாம். அவை உருகித் தோலோடு ஒட்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பருத்திச் சேலையில் நிற்பதே பாதுகாப்பு.

வலிப்பு நோய் உள்ளவரைத் தனியாக அடுப்பெதிரிலோ குளிர்காயும் தீக்கருகிலோ உட்கார விடக் கூடாது. ஊருக்கு வரும் அவசரத்தில் மாத்திரையை மறந்துவிட்டு வருவது வழக்கமாக நடப்பதால், வந்த அன்றே அதைக் கேட்டுவிட வேண்டும்.

பண்டிகைகள்

அகல் விளக்கைத் திரைச்சீலைக்கும் கூரைக்கும் எட்டாத இடத்தில் வைத்தால் போதும். தீப்பொறி பறக்கும் மாவளியைச் சுற்றும் பிள்ளைகள் வெட்டவெளியில், செருப்பணிந்து, பெரியவர் முன்னிலையில் சுற்றட்டும். கோவிலூர், எலத்தகிரி போன்ற ஊர்களில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கும்போது வைக்கோலுக்கு நடுவில் மெழுகுவத்தி வைக்காமல், சூடேறாத எல்.இ.டி. சரவிளக்கை வைத்து, உறங்கும் முன் அணைத்துவிட வேண்டும். போகியன்று டயர், பிளாஸ்டிக் வேண்டாம் என்பது எல்லாரும் கேட்டிருப்பதே. அதோடு ஸ்பிரே டப்பாக்களும் பழைய செல்போன் பேட்டரிகளும் அந்தக் குவியலில் இல்லாமல் பார்க்க வேண்டும், அவை வெடிக்கும்.

தீபாவளியில் மீந்த பட்டாசைப் புத்தாண்டுக்கென்று பரணில், அடுப்புக்கு மேலே போட்டு வைப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. 2023 அக்டோபர் 7 அன்று ஓசூரை ஒட்டிய அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது இறந்தவர்களில் பலர் அரூர் பக்கத்து அம்மாபேட்டையிலிருந்து வேலைக்குப் போன இளைஞர்கள். அந்தத் துயரத்தை அருகிலிருந்து கண்ட மாவட்டம் இது. மீந்ததை வீட்டுக்குள் சேர்த்து வைக்க வேண்டாம். ஒரு வாளி நீரில் இரவு முழுதும் ஊறவைத்து அப்புறப்படுத்திவிடலாம்.

தீப்பட்டுவிட்டால்

உடையில் தீப்பிடித்தவர் ஓடக் கூடாது. ஓடினால் காற்றில் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும், அல்லது மற்றவர் கனமான கம்பளியையோ சாக்கையோ போர்த்தி அமுக்க வேண்டும்.

காயத்தின் மேல் ஓடும் பச்சைத் தண்ணீரை 20 நிமிடம் ஊற்ற வேண்டும். இதைவிடச் சிறந்த முதலுதவி இல்லை. உடனே செய்ய முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயனுண்டு. குழாய் இல்லாத வீட்டில் குடத்திலிருந்து சொம்பால் தொடர்ந்து ஊற்றலாம். பனிக்காலம் என்பதால் குழந்தையின் மற்ற உடம்பு நடுங்காமல் போர்த்தியிருக்க வேண்டும். ஊற்றும்போதே வளையல், மோதிரம், கொலுசு, அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்கக் கூடாது. இட்லி மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள், எண்ணெய், பனிக்கட்டி இவற்றில் எதையும் தடவ வேண்டாம். அவை சூட்டை உள்ளேயே அடைத்துவிடும், கிருமியைக் கொண்டுவரும், மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்க முடியாமல் மறைக்கும். பனிக்கட்டியோ வெந்த தோலை மேலும் சேதப்படுத்தும். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தி அழைத்துச் செல்ல வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்ட காயம் சிறிதாக இருந்தாலும், குழந்தைக்கோ முதியவருக்கோ பட்ட காயம் எதுவானாலும், மின்சாரம் தாக்கியிருந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, எரிவாயுக் கசிவுக்கு 1906, எதற்கும் பொதுவாக 112 ஆகிய எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். எரிவாயு நாறினால் சுவிட்ச் எதையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்த பிறகே போன் செய்ய வேண்டும். அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிகளுக்கு வண்டி வந்து சேர நேரமாகும் என்பதால், ஒரு வாளி மணலும் நீர் நிரம்பிய தொட்டியும் எப்போதும் தயாராக இருக்கட்டும். அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு ஊராட்சியின் பெயரையும், தார்ச்சாலையிலிருந்து திரும்பும் இடத்திலுள்ள கோயில், பள்ளி, ரேஷன் கடை போன்ற அடையாளத்தையும் சொல்லி, விளக்கோடு ஓர் ஆளை அந்தத் திருப்பத்துக்கு அனுப்பி நிறுத்த வேண்டும்.